மீன் கௌவிய கொக்கும் நால்வகைப் பாவனையும்

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம் ஆகிய வட்டங்களில் ஏரியில்லாத ஊரைக் காண்பது அரிது. ஏரியுள்ள ஊரில் கொக்கில்லாத நாளைக் காண்பது அதனினும் அரிது. நம் குடும்பங்களுள் பல இன்று சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. அங்கும் கொக்கு நம்மை விட்டு அகலவில்லை. கால்வாய் ஓரத்திலும், மழைநீர் தேங்கிய மைதானத்திலும், தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்திலும் அதனைக் காண்கிறோம். சிங்கத்தையும் யானையையும் கதைகளில் மட்டுமே அறியும் நம் பிள்ளைகள், வளர்ப்புயிர் அல்லாத ஓர் உயிரை நாள்தோறும் நேரில் காண்பது பறவையிடத்தில்தான். நம் கையை எதிர்பாராமல் தன் வினைவழி நின்று வாழும் உயிர் அது.

அறநெறி வகுப்புகளில் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு. "கொக்கு மீனைப் பிடித்துத் தின்கிறதே, அது பாவமில்லையா? அதனைக் கல்லெறிந்து விரட்டினால் மீன் பிழைக்குமே, அது புண்ணியமில்லையா?" என்பது அவ்வினா. "பேசாமல் பாடத்தைக் கவனி" என்று அடக்கிவிடுவது எளிது. அவ்வாறு அடக்கப்பட்ட பிள்ளை, கொக்கு கெட்ட பறவை என்று தானே முடிவு செய்துகொள்ளும். அல்லது கொல்லாமை உலகியலுக்கு ஒவ்வாத வெறும் பேச்சு என்று முடிவு செய்துகொள்ளும். இரண்டுமே அறத்துக்கு ஊறு விளைப்பவை. ஆதலின் இவ்வினாவையே இம்முறை நம் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

காட்சியே முதற்பாடம்

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இயற்கைப் பாடம் கற்பிக்கும் முறையைப் பயிற்றுவித்த காலத்தில், மாணவ ஆசிரியைகளுக்கு நான் முதலில் வலியுறுத்தியது ஒன்றே. ஒரு பறவையைப் பற்றி நல்லது தீயது கூறுவதற்கு முன், பிள்ளையை அதனைப் பார்க்கச் செய்ய வேண்டும். பார்த்ததைச் சொல்லச் செய்ய வேண்டும். கருத்து அதன்பின் தானே வரும்.

நாம் பொதுவாகக் 'கொக்கு' என்று சுட்டுவது ஒரே பறவை அன்று. வயல் வரப்பில் மண்நிறத்தில் கோடுகளுடன் கூனிக்குறுகி நிற்பது மடையான். இதனைக் குருட்டுக் கொக்கு என்றும் கூறுவர். ஒன்றரை அடி உயரமே உள்ள இப்பறவை அசையாது நிற்குமளவும் மண்ணோடு மண்ணாகக் கண்ணுக்குப் புலப்படாது. எழுந்து பறந்தவுடன் தூய வெண்சிறகுகள் விரியும். சற்றுமுன் கண்ட பறவைதானா இது என்று வியப்பு எழும். தூய வெண்மையும், கரிய அலகும், கரிய கால்களும், மஞ்சள் நிற விரல்களும் உடையது சின்ன வெள்ளைக் கொக்கு. மேயும் மாட்டின் காலடியில் நடப்பது உண்ணிக் கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் அதன் தலையும் கழுத்தும் மஞ்சள் கலந்த காவி நிறம் கொள்ளும். அந்தி மயங்கும் வேளையில் 'வக்' என்று ஒற்றைக் குரல் எழுப்பியபடி தலைக்கு மேலே செல்வது வக்கா என்னும் இராக்கொக்கு.

நாரை என்ற பெயரையும் நாம் பொதுப்படவே வழங்குகிறோம். சாம்பல் நாரை உண்மையில் கொக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. பறக்கும்போது கழுத்தை மடித்து உடலோடு ஒடுக்கிக்கொள்ளும். நத்தைக்குத்தி நாரையும் மஞ்சள்மூக்கு நாரையும் வேறு குடும்பத்தவை. கழுத்தை நீட்டியே பறக்கும். இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டால், எட்டு வயதுப் பிள்ளையும் வானத்தை அண்ணாந்து பார்த்து இனம் பிரித்துக் கூறிவிடும்.

உணவும் உடலமைப்பும்

இனி, கொக்கு ஏன் மீன் உண்கிறது என்று காண்போம். கொக்கின் கழுத்தெலும்புகளுள் ஒன்று மற்றவற்றினும் நீண்டு அமைந்திருக்கிறது. அதனால் கழுத்து வளைந்து மடங்கி, வில்லிலிருந்து விடுபட்ட அம்புபோல் முன்பாய்கிறது. நீருக்குள் இருக்கும் பொருள் அது உண்மையில் இருக்கும் இடத்தினின்று விலகித் தோன்றும் என்பதை மாணவர்கள் அறிவியல் பாடத்தில் படிக்கின்றனர். அந்த விலகலைக் கணித்தே கொக்கு அலகைச் செலுத்துகிறது. மீனின் வழவழப்பு இறகில் ஒட்டிக்கொண்டால் அதனை நீக்குவதற்கு மார்பில் பொடியாக உதிரும் தூவியும், நடுவிரல் நகத்தில் சீப்புப் போன்ற பற்களும் அமைந்துள்ளன. அலகும், கழுத்தும், நகமும், குடலும் ஆகிய அனைத்தும் இவ்வொரு வாழ்க்கைக்கே பொருந்தியவை. கொக்கின் முன் அரிசியை வைத்தால் அது திரும்பியும் பாராது. வலிந்து ஊட்டினால் அது நோயுறும்.

மீன் மட்டுமே கொக்கின் உணவென்று எண்ணுதலும் சரியன்று. தவளை, நண்டு, வெட்டுக்கிளி, வண்டு, புழு ஆகியவற்றையும் அது உண்ணுகிறது. உண்ணிக் கொக்கு, மாடு நடக்கையில் புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடிப்பதற்காகவே மாட்டைத் தொடர்கிறது. இன்று பல ஊர்களில் மாடு இருந்த இடத்தில் டிராக்டர் ஓடுகிறது. கொக்கு டிராக்டரைத் தொடர்கிறது. உழவர்க்கு இப்பறவையால் விளையும் நன்மையை நம் நிலமுடைய குடும்பத்தினர் நன்கு அறிவர்.

பழிச்சொல்லும் நடுநிலையும்

கொக்கின் மேல் நம் நாட்டில் ஒரு பழிச்சொல் நிலைத்துவிட்டது. அது அசையாமல் நிற்பதைத் தவக்கோலமாகக் கற்பித்து, பின் மீனைக் கௌவுவதைக் கண்டு பொய்த்தவம் என்று பழிப்பர். வடநாட்டு வழக்கிலும் இப்பழி உண்டு. சற்றே எண்ணிப் பார்ப்போம். வஞ்சகம் என்பது நெஞ்சில் ஒன்று, வெளியில் ஒன்று வைப்பது. கொக்கின் நெஞ்சில் இருப்பது பசி. அதன் நிலையில் தெரிவதும் பசியே. தவம் என்ற வேடத்தை அதற்குப் புனைந்தவர் நாம். அவ்வேடம் கலைந்தது என்று குற்றம் கூறுபவரும் நாமே. திருக்குறள் காலமறிதல் அதிகாரத்தில் கொக்கின் காத்திருப்பையே அறிவுடையார்க்கு உவமையாகக் காட்டுகிறது என்பதையும் நினைவிற் கொள்க. ஒரே நிலையை ஒருவர் பொறுமையென்று கண்டார். மற்றொருவர் வஞ்சனையென்று கண்டார். வேறுபாடு காண்பவரிடத்தே உள்ளது.

நம் ஆகமங்களின்படி பறவை விலங்குகதியைச் சார்ந்த ஐம்பொறி உயிர், மனமும் உடையது. தான் கட்டிய வினைக்கேற்ப அப்பிறவியை எடுத்து அவ்வுடலில் உழல்கிறது. பிள்ளை கேட்ட 'பாவமில்லையா' என்ற வினாவுக்கு, அவ்வுயிரும் வினையைக் கட்டிக்கொள்கிறது என்றே விடை கூற வேண்டும். இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அக்கணக்கைத் தீர்க்கும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. நாம் ஏற்ற அணுவிரதம் நம் மனம், மொழி, மெய் ஆகியவற்றின் மேல் நாமே இட்டுக்கொண்ட காவல். கொக்கின் அலகின் மேல் அதனை இடுவதற்கு யாருக்கும் இயலாது.

அவ்வுயிர் என்றென்றும் அந்நிலையிலேயே நிற்கும் என்பதும் இல்லை. நம் மரபு இராமாயணத்தில் சடாயு, முனிவர்களின் தரிசனத்தால் பழம்பிறப்பு உணர்ந்து இல்லறத்தார்க்குரிய விரதங்களை ஏற்றதாகக் கூறப்படுகிறது. பிணம் தின்னும் கழுகுக்கும் அறம் கேட்கும் தகுதி உண்டு என்று உரைத்த மரபு நம்முடையது. அத்தகைய மரபில் வந்தோர் மீன் தின்னும் கொக்கை வெறுப்பது பொருந்துமா?

எல்லா உயிரிடத்தும் நட்பு, நற்குணம் உடையோரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்து இரக்கம், திருத்த இயலாதோரிடத்து நடுநிலை என நால்வகைப் பாவனைகளை நம் ஆசாரியர்கள் வகுத்துள்ளனர். மைத்ரி, பிரமோதம், காருண்யம், மாத்யஸ்தம் என்பன அவற்றின் பெயர்கள். மீன் கௌவிய கொக்கைக் காணும்போது நமக்குரியது நான்காவதாகிய நடுநிலை. கல்லெறிந்தால் நேர்வன மூன்று. கல் பறவையின் மேற்பட்டு அதனை வருத்தலாம். அதன் வரவை எதிர்நோக்கிக் கூட்டில் வாய்திறந்து நிற்கும் குஞ்சு பட்டினி கிடக்கும். எறிந்தவரின் நெஞ்சில் சினம் என்னும் கஷாயம் ஏறும். காப்பாற்றப்பட்டதாக எண்ணும் மீனோ அடுத்த கணமே வேறொரு வாய்க்கு இரையாகலாம். பிள்ளைக்கு இவ்வாறு எடுத்துரைத்தால் அது புரிந்துகொள்கிறது என்பது என் அனுபவம்.

நடுநிலை என்பது கல்நெஞ்சம் அன்று. மற்ற மூன்று பாவனைகளுக்கும் இடம் எங்கே என்பதை இனிக் காண்போம்.

மைத்ரி: இடம் தரும் நட்பு

காட்டுப் பறவையோடு நாம் கொள்ளத்தக்க நட்பு, அதனைத் தொட்டுத் தடவுவதில் இல்லை. அது வாழ இடம் விடுவதில் இருக்கிறது. மடையானும் வெள்ளைக் கொக்குகளும் கூட்டமாக ஒரே மரத்தில் கூடு கட்டும் இயல்பின. மூன்று முதல் ஐந்து வரை நீலம் கலந்த இளம்பச்சை முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும். நம் வடமாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பியதும் இப்பணி தொடங்கும்.

அம்மரம் ஆலயத்தின் அருகில் இருந்தால் என் செய்வது? எங்கள் ஊரில் அத்தகைய நிலை ஒருமுறை ஏற்பட்டது. சந்நிதித் தெருவில் நின்ற பழைய புளியமரத்தில் மடையான்கள் நாற்பதுக்கு மேற்பட்ட கூடுகள் கட்டியிருந்தன. தை மாத விழா நெருங்கியது. எச்சம் விழுந்து தெரு நாறியது. நீராடி மடியுடன் வருவோர் மேலும் அது விழுந்தது. குஞ்சுகள் கக்கிய மீன் துண்டுகளும் வழியிற் கிடந்தன. "ஆலய வாயிலில் ஊன் கிடப்பதா? கிளைகளை வெட்டிவிடுவோம்" என்றனர் சிலர். தூய்மையை நாடிய அவர்கள் கூற்றிலும் நியாயம் இருந்தது. வெட்டினால் இறகு முளையாத குஞ்சுகள் நூறாவது தரையில் விழுந்து மடியும் என்றனர் வேறு சிலர். மூன்று நாள் பேச்சு நடந்தது. முடிவில் எண்பது வயது கடந்த பெரியவர் ஒருவர், "வெட்டிய தெருவில் பகவானை எழுந்தருளச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஊர்வலம் மேற்குத் தெரு வழியாகப் போகட்டும்" என்றார். அவ்வாண்டு ஊர்வலம் வழிமாறிச் சென்றது. தெருவில் மரத்தடியில் மட்டும் கீற்றுப் பந்தல் போட்டு, நாள்தோறும் காலையில் கூட்டி அள்ளி எருக்குழியில் சேர்த்தனர். மாசி முடிவதற்குள் குஞ்சுகள் பறந்துவிட்டன. அதன் பிறகே, தெருப்பக்கம் தாழ்ந்த கிளைகள் மட்டும் கழிக்கப்பட்டன. தூய்மையும் கெடவில்லை, விரதமும் கெடவில்லை. காலம் பார்த்துச் செய்தலே அங்கு வேண்டப்பட்டது.

நமக்குத் தீபாவளி பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த நன்னாள். தீபம் ஏற்றுவதே அந்நாளின் செயல். பறவைகள் கூடு கட்டக் கூடும் பருவமும் ஏறத்தாழ அதுவே. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், அங்கு வரும் பறவைகள் மிரளலாகாது எனத் தீபாவளியன்றும் வெடி வெடிப்பதில்லை. பல ஆண்டுகளாக இதனைக் கடைப்பிடித்து வருகின்றனர். அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். அவர்கள் செய்வதை நாம் செய்யாதிருத்தல் தகுமோ?

பிரமோதம்: பிறர் நற்செயல் கண்டு மகிழ்தல்

செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் இதற்கு மூத்த சான்று. அவ்வூர் உழவர்கள் தம் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தனர். வெள்ளையர் ஆட்சியில் பறவைகள் சுடப்பட்டபோது அவர்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798 ஆம் ஆண்டிலேயே அவர்களுடைய காவல் உரிமையை ஏற்று ஆவணம் வழங்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். நன்மை கருதிச் செய்தாலும் செய்தது காவலே அன்றோ! ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உள்ள அவ்வேரி, 2022 ஆம் ஆண்டில் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. விழுப்புரம் மாவட்டத்தில் மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி 2024 ஆம் ஆண்டில் அப்பட்டியலில் இடம்பெற்றது. திண்டிவனம் பக்கத்து நம் குடும்பத்தினர்க்கு அது அண்மையிலேயே உள்ளது. பிள்ளைகளை ஒருமுறையேனும் அழைத்துச் செல்லுங்கள்.

மற்றொரு சான்றும் கூற வேண்டும். டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் நம் சமயத்தார் நடத்தும் பறவை மருத்துவமனை உலகப் புகழ் பெற்றது. புறா, கிளி முதலியவை அங்குத் தங்கிச் சிகிச்சை பெறுகின்றன. ஊன் உண்ணும் பறவைகளை உள்ளே தங்கவைப்பதில்லை. வேண்டும் சிகிச்சை அளித்து அனுப்பிவிடுவது நெடுநாள் வழக்கம். ஊனை வாங்கி ஊட்டுவது விரதத்துக்கு மாறு என்பதே காரணம். அக்காரணம் பொய்யன்று. எனினும் நெடுநாள் பேண வேண்டிய பருந்து எங்கே போகும்? அதே டில்லியில் நதீம் ஷெஹ்ஸாத், முகமது சவூத் என்னும் இஸ்லாமியச் சகோதரர்கள், காற்றாடி நூலால் அறுபட்ட பருந்துகளைத் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணத் தொடங்கினர். அவர்களுடைய தொண்டைப் பற்றி ஷௌனக் சென் எடுத்த ஆவணப்படம் 2022 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம்மால் எடுத்துக்கொள்ள இயலாத பகுதியைப் பிறர் எடுத்துக்கொண்டால், அவர்களைக் கண்டு மகிழ்வதே பிரமோதம். உதவி செய்ய வழியிருப்பின் செய்வது அதனினும் சிறப்பு.

காருண்யம்: அடிபட்ட பறவையிடத்து

நம் வாயிலில் அடிபட்ட கொக்கு ஒன்று விழுந்து கிடக்கிறது என்று கொள்வோம். அது மீன் தின்னும் உயிராயிற்றே என்ற தயக்கம் வேண்டா. அதன் உணவை நாம் தர இயலாது என்பதால் நம் இரக்கத்தையும் தர இயலாது என்றாகிவிடாது. செய்ய வேண்டுவன இவை.

முதலாவது, பிள்ளைகளை விலக்கி நிறுத்துக. அஞ்சிய கொக்கு கண்ணைக் குறிவைத்துக் குத்தும். ஆகவே முகத்தை அதன் அருகில் கொண்டுபோதல் கூடாது. பழைய துண்டு ஒன்றை மேலே போர்த்திப் பின்புறமிருந்து மெல்ல எடுக்க வேண்டும்.

இரண்டாவது, காற்றுத் துளைகள் இட்ட அட்டைப் பெட்டியில் துணி விரித்து அதனை வைத்து மூடி, இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். பறவைக்கு மருந்தினும் முதலில் வேண்டுவது அச்சம் நீங்குதல். வேடிக்கை பார்ப்போர் கூட்டமே பல பறவைகளின் உயிரைப் போக்குகிறது.

மூன்றாவது, வாயைத் திறந்து தண்ணீரோ பாலோ ஊற்றலாகாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோறும் ரொட்டியும் ஊட்டுவதும் ஆகாது.

நான்காவது, அன்றைக்கே வனத்துறையினர்க்கோ கால்நடை மருத்துவர்க்கோ தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். கொக்கு, நாரை முதலியவற்றைப் பிடித்து வைத்திருப்பதும், வேட்டையாடுவதும், முட்டையை எடுப்பதும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும். வளர்க்கலாம் என்ற ஆசை எழுந்தாலும் அதனை அடக்குக.

மரத்தடியில் கிடக்கும் குஞ்சுகள் எல்லாம் கைவிடப்பட்டவை அல்ல. இறகு முளைத்துத் தத்திப் பழகும் குஞ்சாயின், பூனையும் நாயும் எட்டாத கிளையில் ஏற்றிவிட்டு விலகி நின்றால் தாய் வரும். மனிதர் தொட்ட குஞ்சைத் தாய்ப்பறவை ஏற்காது என்று சிலர் கூறுவது தவறான கருத்து.

ஐந்து அதிசாரங்களும் பறவைகளும்

கொல்லாமை அணுவிரதத்துக்கு ஐந்து அதிசாரங்களை நம் நூல்கள் கூறுகின்றன. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றுதல், ஊணும் நீரும் தடுத்தல் என்பன. இவை மாட்டுக்கும் குதிரைக்கும் மட்டும் கூறப்பட்டவை என்று எண்ணிவிடுகிறோம்.

கூண்டில் கிளியை அடைத்தல் கட்டுதல் ஆகும். சீவகசிந்தாமணியில் சீவகன் தன் சுற்றத்தைப் பிரிந்து துன்புற்றதற்குக் காரணம் கூறும் பகுதியை நினைவுகூர்க. முற்பிறப்பில் அசோதரன் என்னும் அரசிளங்குமரனாய் இருந்தபோது, மனைவியர் விருப்பத்துக்காகப் பொய்கையிலிருந்து அன்னக்குஞ்சு ஒன்றைப் பிடித்து வந்து வளர்த்தான். தந்தை அறம் கூறி உணர்த்தியபின் அதனை விடுவித்தான். அன்பாகத்தான் வளர்த்தான், பாலும் சோறும் தந்துதான் பேணினான். எனினும் பெற்றோரினின்று பிரித்தது பிரித்ததே என்று அக்காப்பியம் காட்டுகிறது.

இங்கு ஒன்றை வெளிப்படக் கூற வேண்டும். பிறந்தநாள், நோன்பு நிறைவு முதலிய நாட்களில் விலை கொடுத்துப் பறவைகளை வாங்கிக் கூண்டைத் திறந்து விடுவதை ஜீவதயை எனச் சிலர் செய்கின்றனர். நோக்கம் உயர்ந்தது. ஆனால் வாங்குவோர் உண்டென்று அறிந்தே பிடிப்போர் பிடிக்கின்றனர். பிடிக்கையிலும் கொண்டுவருகையிலும் மடிவன பல. விடுபட்டதும், சோர்வினால் பறக்கமாட்டாமல் மீண்டும் பிடிபடுவதும் உண்டு. நம் நாட்டுப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் 1990களின் தொடக்கத்திலிருந்தே சட்டத்தால் தடுக்கப்பட்டவை. அப்பணத்தை அடிபட்ட பறவைகளைப் பேணுவோர்க்கு அளித்தல் நன்று.

கவண்கல்லால் அடித்தல் இரண்டாவது அதிசாரத்தில் அடங்கும். விளையாட்டென்று அதனை விட்டுவிடலாகாது. யசோதர காவியத்தில் மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதற்கே யசோதரனும் அவன் தாயும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பிறவிதோறும் உழன்றனர். உயிரற்ற மாக்கோழியிடத்தும் கொல்லும் எண்ணமே வினையானது. குறி தவறிய கல்லும் அவ்வாறே.

சிறகை வெட்டுதல் மூன்றாவது. கண்ணாடித்தூள் பூசிய காற்றாடி நூலும் அதனையே செய்கிறது. நைலான் முதலிய செயற்கை இழை மாஞ்சா நூலைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஆம் ஆண்டில் நாடெங்கும் தடை செய்தது. காற்றாடி விடும் பிள்ளைக்குப் பருத்தி நூல் போதும். மாடியிலும் மரத்திலும் சிக்கிய நூலைக் கண்டால் அறுத்து எடுத்து அப்புறப்படுத்துக.

மிகைச்சுமை பறவைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஐந்தாவதாகிய ஊணும் நீரும் தடுத்தல் பெரிதும் பொருந்தும். ஏரியைத் தூர்த்தல், நீர்வரத்துக் கால்வாயை அடைத்தல், வயலில் அளவின்றி நஞ்சு தெளித்தல் ஆகிய மூன்றும் பறவையின் உண்கலத்தைக் கவிழ்ப்பனவே. உழவில் நேரும் தவிர்க்கவியலாத தீங்கை உத்தியோக ஹிம்சை என்று நூல்கள் தனியே வகுத்தன. அதனைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வகுத்தன. எல்லை கடந்து தெளிப்பதற்கு அது அனுமதிச் சீட்டு ஆகாது.

உதிர்ந்த இறகும் பறித்த இறகும்

நம் முனிவர்கள் ஏந்தும் பிஞ்சிகை மயில் தானே உதிர்த்த பீலியால் ஆனது. எறும்பும் நோவாதவாறு இடத்தைப் பெருக்கி அமர்வதற்கு அது பயன்படுகிறது. இதனோடு ஒப்பிட ஒரு வரலாறு கூறுவேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாட்டுப் பெண்டிர் தொப்பிகளில் வெள்ளைக் கொக்கின் மெல்லிய தூவிகளைச் செருகினர். அத்தூவி கூடு கட்டும் பருவத்தில்தான் வளரும். ஆதலின் குஞ்சு கூட்டில் இருக்கும்போதே தாய்தந்தைப் பறவைகள் சுடப்பட்டன. எடைக்கு எடை தங்கத்தினும் மிகுந்த விலைக்கு அது விற்கப்பட்டது. நம் நாட்டிலிருந்தும் ஏற்றுமதி ஆயிற்று. 1902 ஆம் ஆண்டில் அரசு அதனைத் தடை செய்தது. இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் என்னும் அம்மையார் 1889 ஆம் ஆண்டில், இறகணிய மாட்டோம் என உறுதி பூண்ட பெண்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்தார். 1921 ஆம் ஆண்டில் அங்கு இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தது. அணிந்தவரும் பெண்கள், நிறுத்தியவரும் பெண்கள். பட்டு, தோல், இறகு எனப் பொருள் எதனை வாங்கும்போதும், இது உதிர்ந்ததா பறித்ததா என்று நம் இல்லத்துப் பெண்கள் கேட்கும் ஒரு வினா, கடைவீதியையே மாற்ற வல்லது.

இல்லப் பயிற்சி

பெற்றோர் பிள்ளைகளுடன் ஒரு மாதம் செய்யத்தக்கவற்றைக் கீழே தருகிறேன்.

1. வீட்டினின்றோ பள்ளிக்குச் செல்லும் வழியிலோ காணும் பறவைகளை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதுக. பெயர் தெரியாவிடின் நிறம், அலகு, கால், இடம் ஆகியவற்றை எழுதினால் போதும்.

2. மாடியில் ஆழமற்ற மண்தட்டில் வடிகட்டிய நீர் வைக்க. நாள்தோறும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுக. மாற்றாது விட்டால் கொசுப்புழு உண்டாகும். உயிருக்கு உதவப்போய் உயிர்க்கேட்டில் முடியும்.

3. இரவில் கூகை அலறினால் சாவு வரும் என்று வீட்டில் யாரேனும் கூறினால், வினைப்பயனன்றிக் கூகையின் குரல் உயிரைக் கொண்டுபோகுமா என்று பிள்ளையையே கேட்கச் சொல்க. எலிகளை உண்டு வயலைக் காக்கும் அப்பறவையைப் பற்றிய அச்சம் உலக மூடத்தின்பாற்படும்.

4. ஊர் ஏரியில் மழைக்கு முன்னும் பின்னும் எத்தனை வகைப் பறவைகள் உள என்று தாத்தா பாட்டியரிடம் கேட்டு, அவர்கள் இளமையில் கண்டவற்றோடு ஒப்பிடுக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. கொக்கையும் நாரையையும் பறக்கும் நிலையில் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

2. மீன் கௌவிய கொக்கு, அடிபட்ட கொக்கு, கொக்கைக் காக்கும் ஊரார் ஆகிய மூவரிடத்தும் நாம் கொள்ள வேண்டிய பாவனைகள் யாவை?

3. விலைக்கு வாங்கிப் பறவையை விடுவிப்பதில் உள்ள குறை யாது? அதற்கு ஈடாக என்ன செய்யலாம்?

4. அசோதரன் அன்னக்குஞ்சை அன்புடன் வளர்த்தும் அது ஏன் தீவினையாயிற்று?

விடைகளைப் பிள்ளைகள் தம் சொந்தச் சொற்களிலேயே எழுதட்டும். பெரியோர் திருத்த வேண்டா. எழுதியபின் ஏரிக்கரைக்கோ மாடிக்கோ அழைத்துச் சென்று, நின்றுகொண்டிருக்கும் கொக்கை மீண்டும் ஒருமுறை காட்டுங்கள். அது மீனைப் பிடிக்கட்டும். பிடியாது பறந்து செல்லட்டும். பிள்ளையின் கை கல்லைத் தேடாதிருப்பின் பாடம் நன்கு பதிந்தது என்று கொள்ளலாம்.

உயிர்கள் அனைத்தும் அச்சமின்றி வாழ்க! அருகன் திருவறம் ஓங்குக!